அடைக்கோழி பாதியில் எழுந்துவிட்டால் முட்டைகளை இன்குபேட்டருக்கு மாற்றலாமா?

அடுத்த கேள்வி. "கோழியை அடை வைத்து 12 நாள் ஆகிறது. நேற்று மாலையிலிருந்து முட்டையில் உட்கார மாட்டேன் என்கிறது. சின்ன இன்குபேட்டர் ஒன்று இருக்கிறது. மீதி நாளுக்கு அதில் வைத்தால் பொரிக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக வைக்கலாம். ஆனால் கோழி நிஜமாகவே எழுந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். அடைக்கோழி தினமும் ஒரு தடவை கால் மணி நேரம் போல இறங்கி, தீனி தின்று, எச்சம் போட்டுவிட்டுத் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பதறி முட்டையை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. ராத்திரியும் வெளியே நின்றதென்றால்தான் எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

முட்டை சில்லென்று இருக்கிறதே என்று தூக்கிப் போட வேண்டாம். சில மணி நேரம் ஆறிப்போன முட்டைகூடப் பிழைத்துக்கொள்ளும். பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்திருந்தால் சந்தேகம்தான், இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இருட்டறையில் முட்டையின் அகலமான பக்கத்தில் டார்ச்சை ஒட்டி வையுங்கள். 12 நாள் முட்டை என்றால் மேலே காற்றுப்பை மட்டும் வெளிச்சமாக இருக்கும், கீழே பெரும்பகுதி இருண்டிருக்கும், ஓரமாகச் சிவப்பு நரம்புகள் ஓடும். முழுக்க வெளிச்சம் ஊடுருவினால் அது கரு கூடாத கூமுட்டை. உள்ளே சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு ஆரம்பத்திலேயே செத்துவிட்டது. குளிர்ந்த முட்டையில் அசைவு தெரியாது, அதனால் அசையவில்லை என்று ஒதுக்காமல் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். நாற்றமடிக்கிற முட்டை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. வெடித்தால் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மெஷினை முன்கூட்டியே ஓட்டி, சூடு நிலைத்த பிறகு வையுங்கள். காற்றாடி வைத்ததென்றால் 37.5 டிகிரி செல்சியஸ். காற்றாடி இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை காட்டலாம். ஈரப்பதம் 50 சதவீதம் போதும். இதுவரை கோழி அலகால் உருட்டிக்கொண்டிருந்தது. இனி அந்த வேலை உங்களுடையது, தினமும் மூன்று தடவையாவது திருப்ப வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள்.

நாள் கணக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, கோழி உட்கார்ந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தை 65, 70க்கு ஏற்றுங்கள். அப்புறம் மூடியைத் திறக்காதீர்கள். ஓட்டில் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். பாவம் என்று இடையில் திறந்தால் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் பசிக்கவும் பசிக்காது.

அப்புறம், பொரித்த குஞ்சுகளை அந்தக் கோழியிடமே விடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அடை கலைந்த கோழி கொத்திவிடும். அதே நாளில் குஞ்சு பொரிக்கும் வேறு கோழி இருந்தால், ராத்திரி இருட்டில் சத்தமில்லாமல் அதன் இறக்கைக்கடியில் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் பல்பு போட்டு வளர்க்க வேண்டியதுதான். எழுந்துபோன கோழியின் இறகை விலக்கிப் பாருங்கள். பேன், செல் என்கிற பொடிப் பூச்சி இருந்தால் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய வைக்கோலை எரித்துவிட்ட பிறகே அடுத்த முறை அடை வையுங்கள்.