பெயர் போட முடியாத நன்கொடை

(பினாங்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய ஃபாதர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, கூடப் படித்தவர்களே, வணக்கம்.

இந்தத் தீவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கொடுப்பது பழைய பழக்கம். 1852-இல் லா சால் துறவற சபைச் சகோதரர்கள் வந்து செயின்ட் சேவியர் பள்ளியை நடத்தத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் கன்னியர்களின் லைட் ஸ்திரீட் கான்வென்டும் பிறந்தது. பிற்காலத்தில் மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெற்றபோது ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பாயிற்று, கட்டடம் நம் தலையில் நின்றது. அதனால் நமக்குக் கட்டடத்துக்குக் கொடுத்தே கை பழகிவிட்டது. மண்டபம், மேசை, விசிறி. விசிறி இறக்கையில்கூட 'உபயம்' எழுதுகிற ஆட்கள் நாம்!

இன்று நான் கேட்பதில் பெயர் எழுத இடமே கிடையாது. பிள்ளைகள் மனம்விட்டுப் பேச, ஓர் ஆளின் நேரத்துக்குப் பணம் கேட்கிறேன்.

2022-இல் சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு. எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பென்றால் ஐந்து பேர். அந்த ஐவர் யாரென்று வகுப்பாசிரியருக்கே தெரியாது.

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். 500 மாணவருக்கு ஒருவர் என்பது நெடுங்காலக் கணக்கு. படிவம் நிரப்புவது, மேற்படிப்பு விண்ணப்பம், தன்முனைப்பு முகாம் எல்லாம் அவர் தலையில்தான். அப்புறம் மிஞ்சுகிற நேரத்தில் எத்தனை பேரின் கதையைக் கேட்பார், பாவம்?

ஆகவே 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் வாரம் இரண்டு பிற்பகல் வரவேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். மருத்துவரிடம் அனுப்ப நேர்ந்தால், அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிற அம்மாவுக்கு ஒருநாள் லீவு என்றால் சம்பளம் போகும், கிராப் வாடகைக் கார் காசும் சேரும். இரண்டாவது முறை கூட்டிப்போக மாட்டார். அந்தச் செலவையும் நிதி ஏற்க வேண்டும்.

செபமாலை சொன்னால் போதாதா என்று ஓர் அத்தை கேட்டார். சொல்லுங்கள், அத்தை. காய்ச்சலுக்குச் செபித்துக்கொண்டே பனடோலும் போடுகிறோமே.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. நம் வீடுகளில்தான், வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற பயம் இன்னும் நீங்கவில்லை. அதனால் ஒரு நிபந்தனை. பெரிய அட்டைக் காசோலையோடு பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுக்கக் கூடாது. அறைக்குள் யார் போனார்கள் என்று கொடுத்தவரும் கேட்கக் கூடாது, நிர்வாகக் குழுவில் இருக்கும் நானும் கேட்கக் கூடாது. ஆண்டு முடிவில் எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்று கணக்கு வரும். அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரே தடவையில் 2,000 ரிங்கிட் தருகிறவரைவிட, மாதம் 50 ரிங்கிட் மூன்று ஆண்டுக்குத் தருகிறவர்தான் எனக்கு வேண்டும். ஒரு பிள்ளை வாய் திறக்கவே பல வாரம் ஆகும். திறந்த பிறகு காசில்லை என்று ஆலோசகரை நிறுத்தினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை யாரையும் நம்பாது. அதற்கு நாம் தொடங்காமலே இருக்கலாம்.

படிவங்கள் பின்மேசையில் இருக்கின்றன. பெயர் எழுத விரும்பாதவர்கள் பொருளாளரிடம் நேரில் சொன்னால் போதும். படிவத்தின் பின்பக்கம் மனம் நொந்தவர்கள் தொலைபேசியில் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண்ணை அச்சிட்டிருக்கிறோம்: 03-7627 2929. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நன்கொடை தராதவர்களும் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.