மாமரத்தடியில் ஒரு மயில் கழுத்து: நிழலில் பூக்கும் காயா

(காட்சி: அடர்ந்த மாமரம். அடியில் இருள். கேமரா மெல்லக் கீழே இறங்கி, ஒரு கிளையைச் சுற்றி அப்பியிருக்கும் நீலப் பூக்களில் நிற்கிறது.)

காயாம்பூ வண்ணன். இந்தச் சொல்லைக் காதால் கேட்காத தமிழர் இருக்க முடியாது. பெருமாள் கோயிலுக்குப் போனால் கேட்கலாம், மார்கழி விடியலில் கேட்கலாம். ஆனால் காயாம்பூவைக் கண்ணால் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

நானும் முப்பத்தைந்து வயது வரை பார்த்ததில்லை. இப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதுதான். இது என் வீட்டுக் கொல்லையில், வெயிலே விழாத மாமரத்தடியில் பூத்திருக்கிறது. "நிழலில் எதுவும் வராது" என்று எல்லோரும் கைவிட்ட அதே மூலையில்.

அந்த மூலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ரோஜா வைத்தேன், போயிற்று. செம்பருத்தி வைத்தேன், வெளிச்சம் தேடி ஒட்டகக் கழுத்தாக நீண்டு, மூன்று பூ பூத்து நின்றுவிட்டது. மல்லிகை இலையாகவே இருந்தது. கடைசியில் நாற்றுப் பண்ணையில் எல்லோருக்கும் கொடுப்பதையே எனக்கும் கொடுத்தார்கள்: குரோட்டனும் டிஃபன்பேக்கியாவும். ஒன்று இந்தோனேசியத் தீவுகளின் பக்கத்திலிருந்து வந்தது, இன்னொன்று தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. டிஃபன்பேக்கியா இலையைக் குழந்தை கடித்தால் நாக்கு வீங்கிவிடும். அதன் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அதைப் படித்த அன்றே பிடுங்கிவிட்டேன்.

அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. நம் காடுகளில் மரங்களுக்குக் கீழே என்ன வளர்கிறது? அங்கேயும் நிழல்தானே?

(காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை. ஓரத்தில் அய்யனார் கோயிலின் மண் குதிரைகள். பின்னால் அடர்காடு.)

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் போகும் வழியில், புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் விரிந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். பிறகு நீண்ட வறட்சி. அதற்கு நடுவிலும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் காடு இது. பெரும்பாலான இடங்களில் வெட்டிவிட்டார்கள். சாமி காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்று ஊர் நம்பிய இடங்களில்தான் ஓரளவு தப்பித்தது.

உள்ளே நுழைந்தால் நண்பகலிலும் சாயங்காலம் போல இருக்கும். அந்த அரையிருட்டில் இடுப்பளவிலும் ஆள் உயரத்திலும் புதர்கள், கொஞ்சமும் வாட்டமில்லாமல். அவற்றில் பாதி காயா. அந்தப் பக்கத்தில் அதைக் காசான் என்கிறார்கள். காசா என்றும் சொல்வார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன். இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

(காட்சி: கிளையின் மிக நெருக்கமான காட்சி.)

பூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நுனியில் இல்லை. இலைகளுக்கு நடுவிலும் இல்லை. இலை உதிர்ந்த பழைய கிளையின் கணுக்களில், மரப்பட்டையிலிருந்தே நேராகப் புறப்பட்டுக் கொத்துக் கொத்தாகக் கிளையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளைக்கு நீலத்தில் சட்டை போட்டதுபோல. ஒவ்வொரு பூவும் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தனியாகப் பறித்துக் கையில் வைத்தால் ஒன்றுமே இல்லை. கிளையோடு பார்க்க வேண்டும்.

சங்கப் புலவர் ஒருவர் காயா பூத்த கிளைக்கு என்ன உவமை சொன்னார் தெரியுமா? மயிலின் கழுத்து! பள்ளியில் படித்தபோது, நிறத்துக்காகச் சொன்ன உவமை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். நீலம் என்றால் மயில், அவ்வளவுதான் என்று. இந்தக் கிளைக்கு முன்னால் நின்ற அன்றுதான் புரிந்தது. வளைந்து நீண்ட கிளை. அதைச் சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் மின்னும் நீலம். நிறம் மட்டும் இல்லை, வடிவமும் மயிலின் கழுத்தேதான். அந்தப் புலவர் செடிக்கு அருகில் போய் நின்று பார்த்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் பார்த்ததையே நாமும் நம் கொல்லையில் பார்க்கலாம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இன்னும் ஒன்று. காயாவுக்குப் பூவை என்றும் பெயர். தொல்காப்பியத்தில் பூவைநிலை என்று ஒரு பாடல் துறை உண்டு. மன்னனை மாயோனோடு, அதாவது திருமாலோடு, ஒப்பிட்டுப் பாடுவது. இந்தப் பூவின் பெயரில் ஒரு துறையே வைத்திருக்கிறார்கள். நாம் குரோட்டன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

பூ நீலம், ஆனால் இலையிலிருந்து எடுத்த சாயம் மஞ்சள். கட்டை இரும்பு மாதிரி இருக்கும். பழம் உருண்டையாகக் கறுத்துப் பழுக்கும். கொண்டைக்குருவிகள் ஒன்று விடாமல் தின்றுவிடும்.

சரி, நிழலில் இது எப்படிப் பிழைக்கிறது? காட்டுக் கீழடுக்குச் செடிகளுக்குக் கொஞ்ச வெளிச்சம் போதும். காற்றில் மேலே கிளை அசையும்போது சில நொடிகள் விழுந்து மறையும் வெயில் துணுக்குகளைக்கூட அவை வீணாக்குவதில்லை.

ஆனால் மாமரத்தடியில் செடிகளைக் கொல்வது நிழல் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். என் அனுபவத்தில் பெரிய எதிரி வறட்சி. மரத்தின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில் வலை பின்னியிருக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீரை முதலில் குடிப்பது மரம். தூறல் மழை இலைகளிலேயே நின்றுவிடும், தரைக்கு வராது. ரோஜா செத்தது இதனாலும்தான். வறண்ட காட்டில் பெரிய மரங்களின் வேரோடு போட்டி போட்டே வளர்ந்த செடி என்பதால்தான் காயா இங்கே நிற்கிறது.

நடும் முறை எளிது. அடிமரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, ஓர் அடிக் குழி. பென்சிலைவிடத் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாதீர்கள், பக்கத்தில் நகர்ந்து தோண்டுங்கள். பெரிய கன்று வாங்கினால் பெரிய குழி தோண்ட வேண்டும், அதனால் ஓர் அடி உயரக் கன்றே போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டுவிட்டால் முதல் மூன்று மாதம் வானம் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர்.

பிறகு சருகு. தயவுசெய்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள்! "மரத்தடி பளிச்சென்று இருக்க வேண்டும்" என்று என் அம்மா தினமும் துடைப்பத்தோடு வருவார். காட்டில் யார் கூட்டுகிறார்கள்? நான்கு விரல் உயரத்துக்குச் சருகு கிடக்கட்டும், தண்டை மட்டும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து அம்மாவையே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மண் கறுத்து, ஈரமாக, மண்புழுவோடு இருந்தது. அன்றிலிருந்து வாசலை மட்டும்தான் கூட்டுகிறார்.

காயாவுக்குத் துணையாக இன்னும் சில வைக்கலாம். பாவட்டை வையுங்கள், வெள்ளைக் கொத்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் ஊசி போல நீண்ட சூல்தண்டு. அதன் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். நோய் என்று மருந்தடித்துவிடாதீர்கள். அவை பாக்டீரியாக்கள் குடியிருக்கும் அறைகள். செடியும் அவையும் சேர்ந்தே வாழ்கின்றன. கொஞ்சி என்ற எலுமிச்சைக் குடும்பப் புதரை வைத்தால், அந்தக் குடும்பத்தைத் தேடிவரும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வரும். நிழல் கொஞ்சம் மெலிந்த ஓரத்தில் கனகாம்பரம். அதன் காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், குழந்தைகளுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆடாதோடை குச்சி ஊன்றினாலே வரும். வெட்சியை மட்டும் அடர்நிழலில் வைக்காதீர்கள். உயிரோடு இருக்கும், பூக்காது. அதற்குக் காலை வெயிலாவது வேண்டும்.

கன்று எங்கே கிடைக்கும்? கோயில் காட்டில் போய்ப் பிடுங்காதீர்கள், அது திருட்டு. 1968-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மொட்டைச் செம்மண்ணாகக் கிடந்தது. இன்று அங்கே இதே காட்டு வகைகளை விதையிலிருந்து வளர்த்துக் காடாக்கியிருக்கிறார்கள். அந்தப் பகுதி நாற்றுப் பண்ணைகளில் காசான் என்று கேட்டுப் பாருங்கள். பழம் கிடைத்தால் சதையைக் கழுவி உடனே விதையுங்கள், காயவைத்துச் சேமிக்க வேண்டாம்.

பொறுமை மட்டும் வேண்டும். என் செடி முதல் ஆண்டில் ஒரு சாண் கூட வளரவில்லை. ஐந்தாம் ஆண்டு சித்திரையில் ஒரு காலை, துடைப்பத்தோடு பின்பக்கம் போன அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "கிளையில் யாரோ நீலச் சாயம் ஊற்றியிருக்கிறார்கள், வந்து பார்!"

(காட்சி: அம்மா கிளைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறார்.)

உங்கள் ஊரில் காயாவுக்கு என்ன பெயர்? எந்தக் கோயில் காட்டில் பார்த்திருக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். மரத்தடி மூலையின் படத்தை அனுப்பினால், அங்கே எதை வைக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். ஐப்பசிக்குள் அனுப்பிவிடுங்கள், நடுவதற்கு நேரம் வேண்டும்.