டியெப்: 3,367 என்ற எண்ணுக்குள்

வணக்கம் நேயர்களே. இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் டியெப் கடற்கரையில் இறங்கித் தாக்கிய கனடியருக்கு 3,367 பேர் இழப்பு. கேட்டவுடன் அத்தனை பேரும் மாண்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். படைக் கணக்கில் இழப்பு என்பது இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர், பிடிபட்டவர் எல்லாரும் சேர்ந்தது. டியெப்பில் உயிரிழந்தவர் 900-க்குச் சற்று மேல். போர்க்கைதிகளோ 1,946 பேர்.

கூட்டும்போது ஒரு வழுக்கல் உண்டு. அந்தக் கைதிகளில் 500-க்கும் மேற்பட்டோர் காயத்தோடு பிடிபட்டவர்கள். காயப்பட்டோர் பட்டியலிலும் அவர்களைச் சேர்த்தால் ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணிவிடுவோம்.

அன்று கப்பலேறியவர் 4,963 பேர். கைதிகள் ஏன் இவ்வளவு? அதற்குக் கரையைத்தான் பார்க்க வேண்டும். மணல் இல்லை, கைமுஷ்டி அளவு, முட்டை அளவு என்று உருண்டைக் கற்கள், சரிவாகக் குவிந்து கிடக்கும். அன்று இறக்கிய சர்ச்சில் வகை டாங்கி திரும்ப முயன்றால் கற்கள் அதன் இரும்புப் பட்டைக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே புகுந்துகொள்ளும். பட்டையைக் கோத்திருக்கும் ஆணி முறியும். அப்புறம் டாங்கி நகராது. கடற்சுவரைத் தாண்டிய டாங்கிகளையும் நகரத் தெருக்களின் கான்கிரீட் தடுப்புகள் மறித்தன. முன்கூட்டிய கனத்த குண்டுவீச்சு கிடையாது, பெரிய போர்க்கப்பலும் கிடையாது. இதைத் திட்டமிட்டவர்களின் தவறென்றே சொல்வேன். கிழக்கே புயி என்ற ஒடுங்கிய கரையில் கனடாவின் ராயல் ரெஜிமென்ட் என்ற காலாட்படைப் பிரிவு தாமதித்து இறங்கியது. இருட்டு அதற்குள் கலைந்துவிட்டது. அங்கே மட்டும் 200-க்கு மேல் இறந்தார்கள். காலை பதினொரு மணிவாக்கில் பின்வாங்கப் படகுகள் வந்தபோது பட்டப்பகல், தலைக்கு மேல் குண்டுமழை. ஏற முடியாதவர்கள் பிடிபட்டார்கள்.

முதல் உலகப் போரில், 1917 ஏப்ரலில், பிரான்சின் விமி முகட்டைக் கனடியர் பிடித்த சண்டையின் கணக்கு வேறு மாதிரி. நான்கு நாளில் 10,602 பேர் இழப்பு, அதில் இறந்தவர் 3,598. முன்னேறிப் பிடித்த படை என்பதால் மிச்சத்தில் பெரும்பங்கு காயப்பட்டவர்களே.

ஹாங்காங் இரண்டிலும் சேராது. அதைக் காக்க 1941-இல் போன கனடியர் 1,975 பேர். டிசம்பர் சண்டையில் மாண்டவர் 290. ஜப்பானியரிடம் கைதியாகி, பசியிலும் நோயிலும் கட்டாய வேலையிலும் இறந்தவர் 260-க்கு மேல். சண்டை நடந்த நாட்களின் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு இந்த இரண்டாம் கூட்டம் கண்ணில் படாது.