சை யங் கையெழுத்துப் போட்ட பந்து: வாங்கலாமா?

வணக்கம். டாலஸிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "பழம்பொருள் கடை ஒன்றில் சை யங் கையெழுத்துப் போட்ட பேஸ்பால் ஒன்று பார்த்தேன். கூடவே, கையெழுத்து அசல்தான் என்று ஃப்ரேம் போட்ட சர்டிஃபிகேட்டும் தருகிறார்கள். விலையும் என் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது. வாங்கலாமா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?"

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. சை யங் 511 ஆட்டங்களை வென்ற பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் சிறந்த பிட்சருக்குத் தருகிற விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்துக் கேட்டுக் கடிதம் போட்ட ரசிகர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் போட்டு அனுப்பியவர். அதனால் அவர் கையெழுத்து இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தில், அவர் ஒருவருடைய கையெழுத்து மட்டும், சுத்தமாக இருப்பது குறைவு. அப்படி ஒன்று கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிறது என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சரி, கடைக்குப் போனால் முதலில் அந்த சர்டிஃபிகேட்டை ஓரமாக வையுங்கள். கையெழுத்தையும் உடனே பார்க்க வேண்டாம். பந்தைப் பாருங்கள். கையெழுத்தைப் பழகிப் பழகி அச்சு அசலாகப் போட்டுவிடலாம், பந்தின் வயதை மாற்றுவதுதான் கஷ்டம்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. இரண்டும் 1999 வரை தனித்தனிப் பந்து வைத்திருந்தன. அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து பந்தின் மேலேயே அச்சாகியிருக்கும். தையல்கள் இரண்டும் நெருங்கி வருகிற இடம் பந்தில் இரண்டு உண்டு, ஸ்வீட் ஸ்பாட் என்பார்கள். ஒன்றில் தலைவர் பெயர் இருக்கும், எதிர்ப்பக்கம் ஆட்டக்காரர் கையெழுத்துப் போடுவார். அமெரிக்கன் லீக்கில் 1931 முதல் வில் ஹாரிட்ஜ், 1959 முதல் ஜோ க்ரோனின். நேஷனல் லீக்கில் 1934 முதல் ஃபோர்ட் ஃப்ரிக், 1951 முதல் வாரன் ஜைல்ஸ். சை யங் காலமானது 1955 நவம்பரில். அவர் கையெழுத்துக்கு எதிர்ப்பக்கம் க்ரோனின் பெயர் இருந்தால் கடைக்காரருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இப்படிப்பட்ட பந்துகளை இன்றும் விற்கப் பார்க்கிறார்கள், சிரிப்புத்தான் வரும்.

ஹாரிட்ஜ் பெயர் இருந்தால் மட்டும் அசல் ஆகிவிடாது. கையெழுத்தில்லாத பழைய பந்தை வாங்கி அதில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் அடுத்து மையைப் பாருங்கள். அமெரிக்காவில் பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபரில். சை யங்கின் கடைசிப் பத்து வருடங்களில் அது சாத்தியம்தான். இன்னொரு பழைய பிட்சர் கிறிஸ்டி மேத்யூசன் 1925-லேயே இறந்துவிட்டார், அவர் பெயர் பால்பாயிண்டில் இருந்தால் பேச்சே இல்லை. ஷார்பி மார்க்கர் பேனா 1964-ல்தான் வந்தது, அதில் சை யங் போட்டிருக்க வழியில்லை. ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். பழைய மை தோலுக்குள் இறங்கி, தோலோடு சேர்ந்து மங்கியிருக்கும். தோல் பழுப்பேறிக் கிடக்க, எழுத்து மட்டும் நேற்றுப் போட்டது போல இருந்தால் யோசியுங்கள்.

அந்தப் பழுப்பு நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் கையெழுத்து அழியாமல் இருக்கட்டும் என்று சிலர் பந்துக்கு ஷெல்லாக் என்கிற அரக்கு வார்னிஷ் பூசி வைத்தார்கள். அது நாளாக ஆக மஞ்சளாகி, பழுப்பாகிவிடும். போலி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு பெரிய கும்பலைப் பிடித்தது. புதுப் பந்தை ஷெல்லாக்கில் முக்கி, பழைய வாசனை வரட்டும் என்று நாய்த் தீனி மூட்டைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்! அங்கே சிக்கியதில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பாலும் ஒன்று. கொல்கத்தாவில் அவருக்கு பேஸ்பாலை யார் கொண்டுபோய் நீட்டினார்களோ தெரியாது, அதையும் வாங்க ஆள் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

நான் சர்டிஃபிகேட்டை ஓரமாக வைக்கச் சொன்னதற்கும் அந்த வழக்குத்தான் காரணம். அந்தப் போலிகளோடும் சர்டிஃபிகேட் வந்தது. காகிதத்தில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைக் கொடுத்தது யார் என்பதுதான் விஷயம். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் மாதிரி கையெழுத்தைச் சோதிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நிறுவனங்களின் சர்டிஃபிகேட் எண் இருந்தால், கடையில் நிற்கும்போதே அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வருகிற விவரமும் கையில் இருக்கிற பந்தும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஒரு பந்தின் காகிதத்தை இன்னொன்றோடு ஒட்டி விற்பதும் நடக்கிறது. அவர்கள் சொல்வதும் ஒரு அபிப்பிராயம்தான், அனுபவம் உள்ளவர்களின் அபிப்பிராயம். மேஜர் லீக் நிர்வாகமே 2001-ல் ஹோலோகிராம் ஸ்டிக்கர் முறை கொண்டு வந்தது. அதில் ஒருவர் நேரில் நின்று பார்த்ததற்கு மட்டுமே முத்திரை கிடைக்கும். சை யங் காலத்துப் பந்துக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

அணி முழுக்கக் கையெழுத்துப் போட்ட பழைய பந்து என்றால் இன்னொரு சிக்கல். நட்சத்திர ஆட்டக்காரருக்குப் பதிலாக, உடை மாற்றும் அறையில் வேலை செய்த பையன்களே போட்டுவிடுவது உண்டு. பந்து அசல், காலம் அசல், மற்ற கையெழுத்தெல்லாம் அசல், நீங்கள் ஆசைப்பட்ட அந்த ஒன்று மட்டும் வேறு கை!

அதனால் நண்பரே, அந்தப் பந்தை எனக்காக ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். தலைவர் பெயர் சரியாக இருந்தால், வெளி நிபுணர் பார்த்த பிறகுதான் பணம் என்று சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகிற முதல் கையெழுத்துப் பந்து என்றால், நான் இன்னொரு பிட்சரான பாப் ஃபெல்லரைத்தான் சொல்வேன். 266 வெற்றி, 2010 வரை வாழ்ந்தவர், கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார். ஃபெல்லர் கையெழுத்தில்லாத பந்துதான் அபூர்வம் என்று சேகரிப்பவர்கள் கேலி செய்வார்கள். விலையும் குறைவு, யாரும் மெனக்கெட்டுப் போலி செய்ய மாட்டார்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள், எழுத்தின் மேல் விரல் வைக்காதீர்கள்.

அடுத்து, பழைய பேஸ்பால் அட்டைகள் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் போகலாம்.