மூட்டையைத் தூக்கலாம், பாட்டியைத் தூக்கக் கூடாது!

(திரையில்: ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் கட்டிலில் ஒரு மூதாட்டி)

50 கிலோ மூட்டை ஒன்று. 50 கிலோ எடையுள்ள பாட்டி ஒருவர். எதைத் தூக்கினால் இடுப்பு சீக்கிரம் போகும்? மூட்டை என்று சொன்னவர்கள் தயவுசெய்து வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.

வணக்கம். முதியவர்களைப் பராமரிப்பவர்களுக்கு இடுப்பு, கழுத்து, தோள், மணிக்கட்டு என்று வலி வராத மூட்டே இல்லை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, செருப்பு மாட்டிவிடுவது எல்லாமே குனிந்து செய்கிற வேலை. பின்னணி இவ்வளவுதான். சுவையான இடத்துக்குப் போவோம்.

(திரையில்: சீசா பலகை)

உங்கள் முதுகும் ஒரு சீசாதான், ஆனால் ஓரவஞ்சனை செய்யும் சீசா. நடுவில் முதுகெலும்பு. பின்னால் அதை நிமிர்த்திப் பிடிக்கும் தசை, சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில். முன்னால் நீங்கள் தாங்கும் சுமை. கட்டிலின் மறு ஓரத்தில் படுத்திருப்பவரை எட்டிப் பிடித்தால் அந்தத் தூரம் எளிதாக 50 சென்டிமீட்டர் ஆகிவிடும். பத்து மடங்கு! கையில் 20 கிலோ என்றால் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் உங்கள் உடம்பின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. அத்தனையும் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும், ஜவ்வு என்று நாம் சொல்லும் சின்ன டிஸ்க்கின் தலையில்தான் இறங்குகிறது.

மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். அது நடுவில் பயந்துபோய் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. கால் மடங்கிச் சரியாது. பாட்டி இரண்டையும் செய்வார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் பொதுவான சுமைக்கு, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால், 23 கிலோ என்று வரம்பு வைத்தது. மனிதர்களைக் கையாளும்போது அது சுமார் 16 கிலோதான் என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 2007-இல் கணக்கிட்டார். அதுவும் நோயாளி ஒத்துழைத்தால். மனிதனின் ஒரு கால் உடல் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம். அப்படியென்றால் 100 கிலோ எடையுள்ளவரின் ஒரே ஒரு காலைத் தூக்கிப் பிடித்தாலே கோட்டா முடிந்தது! இருவர் சேர்ந்து தூக்கலாமே என்பீர்கள். 80 கிலோ எடையுள்ளவர் என்றாலும் ஆளுக்கு 40 கிலோ, 16-ஐ எப்போதோ தாண்டியாச்சு.

"முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை" என்று சுவரில் ஒட்டும் படம் இருக்கிறதே, அதன் மேல் எனக்குக் கோபமே உண்டு. தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தால் மட்டும் முதுகுவலி குறையும் என்பதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. வலி வந்தால் "நீ சரியாகத் தூக்கவில்லை" என்று பராமரிப்பாளர் மேல் பழிபோட அந்தப் படம் வசதியாக இருக்கிறது. இடுப்பு பெல்ட்? அதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

(திரையில்: கரடி முக ரோபோ)

ஜப்பானில் 2015-இல் ரோபேர் என்று ஒரு ரோபோ. 140 கிலோ எடை, வெள்ளைக் கரடி முகம். ஆளை அப்படியே அள்ளி எடுக்கும்! பார்க்கக் கொள்ளை அழகு. ஆனாலும் என் ஓட்டு ஒரு வழுக்கும் துணிக்குத்தான். ஸ்லைடு ஷீட் என்பார்கள். படுத்திருப்பவருக்கு அடியில் இரண்டு அடுக்காக விரித்தால் துணி மேல் துணி வழுக்கும், உராய்வு குறையும். தூக்காமல் நகர்த்திவிடலாம். அவருடைய தோல் உரசிப் புண்ணாவதும் குறையும். முழுவதுமாகத் தூக்கியே ஆகவேண்டும் என்றால் ஆளைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கும் ஹாய்ஸ்ட் எந்திரம்தான், உங்கள் இடுப்பு அல்ல.

ஒரு பைசா செலவில்லாத வழியும் உண்டு. உயரம் மாற்றக்கூடிய கட்டில் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் அதை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். முடிந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள், அவர் விழுந்துவிடக் கூடாது. பல இடங்களில் கட்டிலின் உயரத்தை மாற்றும் கைப்பிடி தூசி படிந்து கிடக்கிறது. உங்கள் கட்டிலில் அது வேலை செய்கிறதா? சுழற்றிப் பார்த்துவிட்டு வந்து கமெண்டில் எழுதுங்கள்.