அரை டிக்கெட்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், இந்தப் பங்குனி வெக்கையிலும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கிற சங்கரன்கோவில் மக்களுக்கும் வணக்கம்.

வணக்கத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன் ஐயா. எதிரணி அண்ணன் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதை அணைக்காமல் என்னால் வேறு எதையும் பேச முடியாது.

தலைப்பு என்ன? குழந்தையின் பிறந்தநாள் நிறைவது சொந்த ஊர்க் கொண்டாட்டத்திலா, பெருநகரப் பயணத்திலா? நாங்கள் பயணத்தின் பக்கம். அண்ணன் என்ன சொன்னார்? “புள்ளைய மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்து, என்னத்தப் பாத்தேன்னு கேட்டா, எஸ்கலேட்டர்னு சொல்லுது. அதுக்கு எதுக்கு ரயிலேறணும்? வீட்டு மாடிப்படியில நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னாப் போதாதா?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்த வேப்பமரத்துப் பக்கம் ஒரு விசில்கூட வந்தது.

வருகிறேன் அண்ணே, உங்கள் மாடிப்படிக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு டிக்கெட் கதை.

2019. என் மகளுக்கு மே மாதம் ஐந்து வயது நிறைகிறது. பிறந்தநாளைச் சென்னையில் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டோம். அப்போதெல்லாம் ரயிலில் 120 நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்துதான் அது 60 நாள் ஆனது. ஆக, மே மாதப் பயணத்துக்குப் பொங்கலை ஒட்டிய வாரத்திலேயே கவுன்டரில் போய் நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் போனார். மகளையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

முன்பதிவு ஃபாரத்தை நிரப்பியவர்களுக்குத் தெரியும். பயணிகள் பெயருக்குக் கட்டங்கள் இருக்கும். அதற்குக் கீழே, ஐந்து வயதுக்குக் குறைந்த, டிக்கெட் தேவையில்லாத குழந்தைகளுக்கு என்று தனியாக ஓர் இடம் இருக்கும். போகிற அன்றைக்கு அவளுக்கு நாலு வயது. அதனால் அவள் பெயர் கீழே. டிக்கெட் வந்தது. அப்பா பெயர், அம்மா பெயர். “எம் பேரு எங்க?” என்று கேட்டாள். “உனக்கு டிக்கெட் வேண்டாம் பாப்பா, நீ சின்னப் புள்ள” என்றார் அப்பா. அவ்வளவுதான், உதடு பிதுங்கிவிட்டது. வீடு வந்து சேருகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வருகிற பயணத்துக்கு முன்பதிவு திறந்தது. மறுபடியும் அதே கவுன்டர், அதே ஊழியர், அதே தோளில் அதே பிள்ளை. இந்த முறை அவர் மகளின் பெயரை மேலே, எங்களோடு எழுதினார். வயது: 5.

ஊழியர் ஃபாரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “சார், மூணு நாளைக்கு முன்னால நாலுன்னு எழுதுனீங்க. இன்னைக்கு அஞ்சுன்னு எழுதுறீங்க. பொங்கல் சாப்பிட்டதுல வயசு கூடிப்போச்சா?”

“இல்ல சார். போகும்போது நாலு. பிறந்தநாள் அங்க. வரும்போது அஞ்சு.”

வரிசையில் பின்னால் நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, நாலுன்னே போட்டுக் குடும். ஒரு நாள்தானய்யா வித்தியாசம், எவன் வந்து கேக்கப் போறான்?” ஐயா, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாலு காசு மிச்சமாகட்டும் என்கிற அக்கறையில் சொன்னார். என் வீட்டுக்காரர் சொன்ன பதிலை நான் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை. “அஞ்சு வயசு ஆகணும்னு எம் மக நாள எண்ணிக்கிட்டு இருக்கா பெரியவரே. அவ எண்ணுறத நான் எப்படிக் குறைச்சு எழுதுவேன்?”

அந்த டிக்கெட்டில் அவள் பெயர் வந்தது. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். அதாவது அரை டிக்கெட். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. விரல் வைத்துக் காட்டினோம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் அத்தையிடம், அவளுக்கு ஆச்சி, ஓடினாள். “ஆச்சி, நான் ரயில்ல இருக்கேன்!” என்றாள். மே மாதம் ஏறப்போகிற ரயிலில் ஜனவரியிலேயே ஏறிவிட்டாள் ஐயா!

அப்புறம் ஆச்சி ஒரு வேலை செய்தார். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில், புறப்பட பாக்கி இருந்த 117 நாளுக்கு 117 புளியங்கொட்டையை எண்ணிப் போட்டார். தினமும் காலையில் பல் விளக்கியதும் ஒரு கொட்டையை எடுத்து முற்றத்தில் எறிய வேண்டும். பாட்டில் காலியானால் மெட்ராஸ். ஒருநாள் காலையில் பார்த்தால் முற்றமெல்லாம் கொட்டை. கை நிறைய அள்ளி வீசியிருக்கிறாள். “ஏட்டி, கொட்டையத் தூக்கி எறிஞ்சா நாள் போயிருமா?” என்று ஆச்சி சிரிக்கிறார், பிள்ளை அழுகிறாள். இரண்டு பேருமாகக் குனிந்து குனிந்து பொறுக்கி, திரும்ப எண்ணிப் போட்டார்கள். மூன்று கொட்டை கிடைக்கவில்லை. அந்த மூன்று நாளும் ஆச்சிதான் கடனாகக் கொடுத்தார்.

எதிரணி அண்ணன் கேட்டார், “சொந்தபந்தத்த விட்டுட்டு ஓடுறதுதான் பிறந்தநாளா?” என்று. யாரை விட்டுவிட்டு ஓடினோம்? எங்கள் தெருவில் அந்தப் பாட்டிலில் எத்தனை கொட்டை பாக்கி என்று தெரியாத வீடு கிடையாது. பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கணக்குக் கேட்பார். புறப்பட்ட அன்றைக்குக் கோமதி அம்மன் சன்னதியில் அர்ச்சனை முடித்து, புற்றுமண்ணைத் துணியில் முடிந்து என் பையில் வைத்துதான் ஆச்சி அனுப்பினார். அங்கே போய்த் தங்கியது பெரம்பூரில் எங்கள் சித்தி வீடு. கேக்கோடு கேசரியும் இருந்தது.

சரி, நகரத்துக்கு வருவோம். நகரத்துக்குச் சும்மா போய் இறங்கிவிட முடியாது ஐயா. செவ்வாய்க்கிழமை போனால் வண்டலூர் உயிரியல் பூங்கா விடுமுறை, கிண்டி சிறுவர் பூங்காவும் விடுமுறை. திங்கட்கிழமை மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் திறக்காது. நாங்கள் போய் இறங்கியது செவ்வாய். ‘புலி, புலி’ என்று நாலு மாதம் கனவு கண்ட பிள்ளையைப் பூட்டின கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதனால் காலண்டரை விரித்துவைத்து, செவ்வாய்க்குப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம், புதன் பிறந்தநாளுக்குக் காலையில் புலி, சாயங்காலம் கலங்கரை விளக்கமும் கடலும், வியாழனுக்கு எழும்பூரில் திமிங்கில எலும்புக்கூடு என்று பிரித்தோம். அவளும் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் படம் வரைந்தாள். புலி பூனை மாதிரி இருந்தது. திமிங்கிலம் தோசைக்கரண்டி மாதிரி இருந்தது. அந்தக் காலண்டர் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெரம்பூரில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். பழைய பெட்டிகளையும் என்ஜினையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மா, ரயிலுக்குப் பிறந்தநாள் உண்டா?” என்றாள். உண்டே! ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கியது 1955 அக்டோபர் 2. இந்தியா முழுக்க ஓடிய நீலப் பெட்டிகளில் எத்தனையோ பிறந்த இடம் அதுதான். “அப்போ இது ரயிலோட ஆசுபத்திரியா?” என்றாள். பிரசவ ஆசுபத்திரி என்று அவள் அப்பா சொல்லிக்கொடுத்தார்.

இப்போது மாடிப்படி அண்ணே.

எழும்பூர் மெட்ரோ நிலையம். எஸ்கலேட்டருக்கு முன்னால் என் மகள் நிற்கிறாள். ஒரு காலை நீட்டுகிறாள், இழுத்துக்கொள்கிறாள். மறுபடி நீட்டுகிறாள், இழுத்துக்கொள்கிறாள். பின்னால் ஆபீஸ் போகிற கூட்டம். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நான் குனிந்தேன். அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். “தூக்காதம்மா. பயம் அப்படியே தங்கிடும்” என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பாப்பா, படியப் பாக்காத. மஞ்சக் கோட்டப் பாரு. கோடு வந்ததும் வை.” கோடு வந்தது. வைத்தாள். மேலே போகிறாள், திரும்பி என்னைப் பார்க்கிறாள். அந்த முகத்தை எந்த போட்டோவிலும் நான் பிடிக்கவில்லை, இங்கே இருக்கிறது. ஏழு தடவை ஏறி இறங்கினாள். ஏழாவது தடவை கையை விட்டுவிட்டாள்.

அண்ணே, நம் வீட்டு மாடிப்படி பிள்ளைக்காக நிற்கும். அழுதாலும் நிற்கும், உட்கார்ந்தாலும் நிற்கும். அது நல்லதுதான், அதில்தான் அவள் நடை பழகினாள். ஆனால் அந்தப் படி அவளுக்காக நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிற ஒன்றில் எந்த நொடியில் காலை வைக்க வேண்டும் என்று அவளே பார்த்து, அவளே வைத்தாள். பக்கத்தில் நின்றது அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு மனுஷி. இதை எந்த வீட்டு மாடிப்படியில் கற்றுக்கொடுப்பீர்கள்? இன்றைக்கும் புதிதாக எதைக் கண்டு பயந்தாலும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: “மஞ்சக் கோட்டப் பாரு.” ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போன அன்றைக்கும் வாசலில் அதைத்தான் சொன்னேன். எஸ்கலேட்டர் பார்த்தேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள் அண்ணே. எப்படி ஏறினாய் என்று கேளுங்கள்.

இதோ, கைதட்டல் இந்தப் பக்கம் வந்துவிட்டது!

வியாழன் இரவு, திரும்பி வருகிற பொதிகை எக்ஸ்பிரஸ். பரிசோதகர் வந்தார். பட்டியலைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பெர்த் எண் இருக்கிறது, மூன்றாவது பெயருக்கு எண் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்: “அரை டிக்கெட் யாரு?”

தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன் ஐயா. போர்வையை உதறிவிட்டு பெர்த்தின் மேலே எழுந்து நின்று, ரயில் ஆட்டத்தில் தள்ளாடிக்கொண்டே கையைத் தூக்கினாள்: “நான்தான் அரை டிக்கெட்!”

பெட்டியே சிரித்தது. பரிசோதகர் பேனாவை மூடிவிட்டு, “டிக்கெட்டக் காமிங்க மேடம்” என்றார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து இவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கி, மேலும் கீழும் நன்றாகப் பார்த்து, சரி என்று தலையாட்டி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கவுன்டரில் நாலு என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அவள் போர்வைக்குள் ஒளிந்திருக்க வேண்டும் ஐயா. எழுந்து நின்று கையைத் தூக்கியிருக்க மாட்டாள்.

தனி பெர்த் கிடையாது அல்லவா, அன்று இரவு என்னோடு கீழ் பெர்த்தில்தான் படுத்தாள். அந்த அகலம் உங்களுக்குத் தெரியும். நான் சுவரோடு ஒட்டி, அவள் என் நெஞ்சோடு ஒட்டி, ஒரு கால் என் மேல். தலைமுடியில் கடற்கரை மணல். விழுப்புரம் போயிற்று, திருச்சி போயிற்று, நான் தூங்கவே இல்லை. கை மரத்துப்போனது. எடுக்க மனசு வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. ஒரே ஒரு நிமிஷம்.

அந்த அரை டிக்கெட்டுக்கு இப்போது பதினொரு வயது. வருகிற மே மாதம் பன்னிரண்டு. மறுபடியும் சென்னைதான் வேண்டும் என்று கேட்டாள். பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வருகிறது, அருங்காட்சியகத்தை வேறு நாளுக்கு மாற்றியாகிவிட்டது, இந்த முறை அவளே காலண்டரைப் பார்த்து மாற்றினாள். போன வாரம் டிக்கெட் எடுத்தோம். போகும்போது பதினொன்று, அரை டிக்கெட். வரும்போது பன்னிரண்டு, முழு டிக்கெட், தனி பெர்த். “போகும்போதும் முழுக் காசு கட்டி பெர்த் எடுத்துருவோமே, வளந்த புள்ள, ஒன்னோட எப்படிப் படுக்கும்?” என்று அவள் அப்பா கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும், ஏழு வருஷம்தான் ஐயா ஒரு பிள்ளை அரை டிக்கெட்டாக இருக்கும். போகிற அந்த ஓர் இரவு மட்டும் பாக்கி இருக்கிறது.

ஆச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஹார்லிக்ஸ் பாட்டில் அலமாரியில் இருந்தது. அவளே எடுத்துத் துடைத்து, அவளே புளியங்கொட்டையை எண்ணிப் போட்டாள். இப்போது 60தான். தினமும் காலையில் ஒன்றை எடுக்கிறாள். நேற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “அம்மா, கணக்குல ரெண்டு கொட்டை கூடுதலா இருக்கே” என்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதோ, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அதை உள்ளே போட்டது யார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

வணக்கம்.