ரப்பர் பேண்டில் நிற்கும் இறக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடியோ கன்ட்ரோல் விமானங்களைப் பற்றிப் பேச வரும்படி அழைத்தார்கள். பறப்பதைப் பற்றிக் கொஞ்சமும் விழுவதைப் பற்றி நிறையவும் பேசட்டுமா என்று கேட்டேன். நிகழ்ச்சியைக் கவனித்துக்கொள்பவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். இந்தப் பழக்கம் உள்ள யாரிடமாவது "இதுவரை விழாத விமானம் ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்றை அவர் காட்டினால், அது இன்னும் பறக்கவே இல்லை, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்களை மைதானத்தில் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. சிறுவர்கள் "எவ்ளோ தூரம் போகும்?" என்பார்கள். பெரியவர்கள் "இதுல கேமரா இருக்கா?" என்று சந்தேகத்தோடு கேட்பார்கள். இளைஞர்கள் "அஜித் மாதிரியா சார்?" என்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு வருத்தம் கிடையாது. நடிகர் அஜித்குமார் உண்மையிலேயே இந்தத் துறையைத் தெரிந்தவர். சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் அவர்கள் பறக்க விட்டது தானியங்கி விமானம். நான் பேசப்போவது, கண்ணால் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் ஓட்டுகிற சாதாரண விமானத்தைப் பற்றி.

அதில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் மீட்டர் இறக்கை, ஒரு கிலோவுக்குள் எடை. மூக்கில் ஒரு மோட்டார், அதில் ப்ரொப்பெல்லர். வயிற்றுக்குள் லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட், சிக்னலை வாங்கும் ரிசீவர். தீப்பெட்டியை விடச் சின்னதாக மூன்று நான்கு சர்வோக்கள். இவை கம்பி வழியாக இறக்கையின் பின் விளிம்பையும் வாலையும் அசைக்கும். உங்கள் கையில் ட்ரான்ஸ்மிட்டர், அதில் இரண்டு குச்சிகள். சாமான் அவ்வளவுதான்.

இனி கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். கற்றுக்கொள்பவர்களுக்கான விமானத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். இறக்கை உடம்போடு ஒட்டப்பட்டிருக்காது. உடம்பின் குறுக்கே முன்னால் ஒரு குச்சி, பின்னால் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கையை மேலே வைத்து, அந்தக் குச்சிகளுக்கு இடையே ரப்பர் பேண்டுகளை நேராகவும் குறுக்காகவும் இழுத்து மாட்டியிருப்பார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "இவ்வளவு செலவு செஞ்சிட்டு, ரப்பர் பேண்டா?"

அந்த ரப்பர் பேண்டுதான் இதில் மிகப் புத்திசாலித்தனமான வேலை. இறக்கையின் நுனி தரையில் பட்டதும் முழு இறக்கையும் ஒரு திருகு திருகும். ரப்பர் இழுபட்டு இறக்கையை விட்டுவிடும். இறக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போய் விழும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதே இறக்கையை அரால்டைட் போட்டு இறுக்கியிருந்தால், இறக்கையின் அடியும் உடம்பும் சேர்ந்தே பிளந்திருக்கும். ப்ரொப்பெல்லரிலும் இதே தந்திரம் உண்டு. சிறிய விமானங்களில் அதை நட்டுப் போட்டு முறுக்காமல், ஒரு ரப்பர் வளையத்தால் மோட்டாரில் பிடித்து வைப்பார்கள். தரையில் இடித்தால் ப்ரொப்பெல்லர் சாய்ந்து கொடுக்கும், மோட்டாரின் தண்டு வளையாது. பெரிய விமானங்களில் இறக்கையைப் பிடிக்க இரும்பு போல்ட்டைத் தவிர்த்து நைலான் போல்ட் போடுவதும் இதற்காகவே. போல்ட் அறுந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம், இறக்கை அறுந்தால் ஒரு மாத வேலை போய்விடும். ஆக, கட்ட உட்காரும்போதே எது முதலில் உடைய வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறோம். அதைத் தீர்மானிக்காமல் எல்லா இடத்தையும் பலமாகக் கட்டுகிறவர்கள் உண்டு. அந்த விமானம் கனத்துப் போகும். கனமான விமானம் வேகமாகப் பறந்தால்தான் மேலே நிற்கும். வேகமாகப் பறப்பது வேகமாகத்தான் விழும்.

பொருள்களில் அரசன் பால்சா மரம். பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது, ஐந்தாறு வருடத்தில் வெட்டுக்குத் தயாராகிவிடும். ஒரு கன மீட்டர் பால்சா சுமார் 160 கிலோ. தேக்கு அதைப் போல நான்கு மடங்கு கனக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மாஸ்கிட்டோ போர் விமானத்தின் உடம்பே பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்ததுதான். இங்கே பால்சா விலை கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் நம்மாட்கள் தெர்மகோல், சன்போர்டு, விளம்பரப் பலகைக்குப் பயன்படும் கோரோபிளாஸ்ட் என்று கிடைத்ததில் எல்லாம் விமானம் செய்கிறார்கள். தெர்மகோல் இறக்கையின் மேல் ஃபெவிக்காலைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, பழுப்புக் காகிதத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காயவைத்தால் நம்ப முடியாத உறுதி வரும். உடனே ஒட்டும் திரவப் பசையை மட்டும் தெர்மகோல் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒட்டுவதற்குப் பதில் அது தெர்மகோலைத் தின்றுவிடும்.

கடையில் தயாராக விற்கும் விமானத்தை வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கலாம், அரைமணி நேரத்தில் பறக்க விடலாம். ஆனால் அது உடைந்தால் உங்களுக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முதல் விமானம் கையால் வெட்டி ஒட்டியதாக இருக்கட்டும், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, ஏன் விழுகிறது? புதியவர்களின் விமானம் விழ முதல் காரணம் இடது வலது குழப்பம். விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். அது திரும்பி உங்களை நோக்கி வரும்போது அதன் வலது உங்கள் இடது. மூளைக்கு இது தெரியும், கட்டைவிரலுக்குத் தெரியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. விமானம் உங்களைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. இடமா வலமா என்று யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது காரணம் பயம். விமானம் தாழ்கிறது என்று தெரிந்ததும் குச்சியைப் பின்னால் இழுக்கிறோம். மூக்கு மேலே போகும், வேகம் குறையும். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டியதும், இறக்கையின் மேல்புறத்தில் வழுக்கிக்கொண்டு போன காற்று பிய்ந்துவிடும். ஸ்டால் என்பார்கள். ஒரு இறக்கை சட்டென்று சரியும், விமானம் சுழன்றுகொண்டு இறங்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது குச்சியை முன்னால் விடுவது, அதாவது விழுகிற விமானத்தை இன்னும் கீழே போகச் சொல்வது. எந்த மனிதனுக்கும் கை வராது. அதனால்தான் பழகும்போது உயரத்தில் பழகச் சொல்கிறோம். மேலே இருந்தால் தப்புச் செய்து திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

காற்றோடு சேர்ந்து பறக்கும்போது இதே விபத்து வேறு வேடத்தில் வரும். பின்காற்று தள்ளுவதால் தரையிலிருந்து பார்க்க விமானம் மிக வேகமாக வருவது போலத் தெரியும். "ரொம்ப வேகமா வருது" என்று மோட்டாரைக் குறைப்பார்கள். ஆனால் இறக்கை தரையைப் பார்ப்பதில்லை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் பார்க்கிறது. அந்தக் கணக்கில் அது ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கும். ஆடிக் காற்றில் விழுகிற விமானங்களில் பாதி இப்படித்தான்.

மற்றவை எல்லாம் பறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த விபத்துகள். எடை மையம் பின்னால் தள்ளியிருந்தால், அதாவது இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால்பாகம், மூன்றில் ஒரு பாகம் என்கிற எல்லையைத் தாண்டியிருந்தால், விமானம் கையைவிட்டுப் போன நொடியே முடிந்தது. ஏலரான், அதாவது இறக்கையின் பின் விளிம்பில் அசைகிற பலகை, இரண்டும் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் அதுவும் அப்படியே. இரண்டு விரலை இறக்கைக்கு அடியில் வைத்துத் தூக்கிப் பார்க்கவும், குச்சியை அசைத்து எந்தப் பக்கம் எது எழும்புகிறது என்று பார்க்கவும் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை விழுங்குவது பெரும்பாலும் சுற்றி நிற்கும் கூட்டம்தான். "எப்ப சார் விடுவீங்க?"

ரேடியோவால் விழுவது இப்போது குறைவு. ஒரு காலத்தில் அதுதான் பெரும்பயம். 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஒரு விமானத்தை ரேடியோவால் ஓட்டினார்கள். பெயர் கஃப், இறக்கை எட்டடி. சர்வோ இல்லாத காலம். முறுக்கிய ரப்பர்தான் வாலை அசைத்தது, ரேடியோ அதன் பிடியை மட்டும் விடுவித்தது. அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் வந்த எளிய கருவிகளில் ஒரே ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் வலது, விட்டால் நேர், மறுமுறை அழுத்தினால் இடது. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்தால் தொலைந்தது. அதற்கும் பிறகு, ஆளுக்கொரு அலைவரிசை வந்த காலத்தில், ஒரே அலைவரிசை உள்ள இரண்டு பேர் ஒரே மைதானத்தில் ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டால் மேலே இருப்பவரின் விமானம் விழும். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்து, துணி கிளிப்பில் அலைவரிசை எண் எழுதி மாட்டியிருப்பார்கள். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டும் போடலாம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தங்களுக்குள் ரிசீவரை அடையாளம் வைத்துக்கொள்வதால் அந்தச் சண்டை ஓய்ந்தது.

விழுந்த பிறகு என்ன செய்வது? முதலில் நகராதீர்கள். விழுந்த திசையில் தூரத்தில் ஒரு பனைமரத்தையோ கோபுரத்தையோ குறி வைத்துக்கொண்டு நேர்கோட்டில் நடங்கள். சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டால் பத்தடி தள்ளி இருப்பதுகூடத் தெரியாது. மோட்டார் குச்சியை அடியில் வைத்துவிட்டு மற்றக் குச்சியை அசைத்தால் சர்வோ முனகுவது கேட்கும்.

கிடைத்ததும் உடனே அள்ளாமல், கிடக்கும் கோலத்தை ஒரு நிமிடம் பாருங்கள். ப்ரொப்பெல்லரின் இரண்டு இலைகளும் நொறுங்கியிருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இலை மட்டும் உடைந்திருந்தால், அல்லது ஒன்றுமே ஆகாமல் இருந்தால், அது மேலேயே நின்றுபோயிருக்கலாம். வாலின் ஒரு துண்டு ஐம்பது அடி முன்னாலேயே கிடந்தால் அது தரையில் உடைந்தது இல்லை, காற்றில் படபடத்துப் பிய்ந்தது. பேட்டரியைக் கட்டிய பட்டை தளர்ந்திருக்கிறதா, கம்பி எதிலாவது கழன்றிருக்கிறதா என்று பார்த்தபிறகு தூக்குங்கள். அடிபட்ட லிப்போ பேட்டரியை மட்டும் பைக்குள் போடாதீர்கள். கொஞ்ச நேரம் திறந்த மண்ணில் தனியாகக் கிடக்கட்டும். உள்ளே காயம் பட்டிருந்தால் தாமதமாகவும் தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் இனி சார்ஜ் போடவே கூடாது.

விழுந்து விழுந்து ஒருவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மேனார்ட் ஹில் என்று ஓர் அமெரிக்கர். எழுபது வயதைத் தாண்டி, பார்வை ஏறக்குறைய போய், காதும் மந்தமான நிலையில், அட்லாண்டிக்கைத் தாண்டும் மாடல் விமானம் செய்ய உட்கார்ந்தார். பால்சா உடம்பு. எரிபொருளோடு சேர்த்து எடை ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது சாதனைக்கான விதி. முதலில் அனுப்பியவை கரை சேரவில்லை. 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து டாம் 5 என்ற அவருடைய விமானம் கிளம்பியது. மேலே ஏறியதும் ஜி.பி.எஸ். துணையோடு தானே வழி பார்த்துக்கொண்டு, 38 மணி 52 நிமிடம் பறந்து, சுமார் 3,000 கிலோமீட்டர் கடந்து அயர்லாந்து போனது. அங்கே காத்திருந்த நண்பர் கட்டுப்பாட்டை வாங்கி இறக்கினார். 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை முதன்முதலில் நிற்காமல் பறந்து கடந்து இறங்கினார்களே, அந்தக் கிளிஃப்டன் ஊருக்குப் பக்கத்தில்.

நாம் அட்லாண்டிக் போக வேண்டாம், கண்மாய் போதும். கோடையில் வற்றிய கண்மாயைப் போல நல்ல ஓடுதளம் கிடையாது. விடிந்து காற்று எழும்புவதற்குள், ஆறிலிருந்து எட்டுக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிப் பருந்துகள் வட்டமிட ஆரம்பித்தால் விமானமும் குலுங்கத் தொடங்கும். மின்கம்பி, சாலை, மேய்ச்சல் மாடு இவற்றை விட்டு விலகி நில்லுங்கள். ஊரில் விமான நிலையம் இருந்தால், ட்ரோன்களுக்காக அரசு வெளியிட்டிருக்கும் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் வேறு இடம் தேடுங்கள், அதில் வாக்குவாதம் வேண்டாம். ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலைக்குள் எல்லாச் சாமானும் அடங்கும். ட்ரான்ஸ்மிட்டரைக் கணினியில் இணைத்துச் சிமுலேட்டரில் ஒரு மாதம் விழுந்து பழகிவிட்டு வந்தால் இன்னும் மிச்சம்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஓட்டுபவருக்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் வேண்டாம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ப்ரொப்பெல்லர் விரலை வெட்டும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்துவிட்டால் எங்களுக்கு மொட்டை மாடியில் ஒட்டு வேலைதான். தை முடிந்து தண்ணீர் இறங்கியதும் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.